வேப்பமரத்தடி இடம்

"வண்டிய எடுக்க முடியாது," என்றான் கிளாட்வின்.

பியூலா ஒரு கையில் ஐஸ் பெட்டியும் மறு கையில் சுருட்டிய பாயுமாக வாசலில் நின்றாள். பெட்டிக்குள் முதல் நாளே மசாலா தடவி ஊறவைத்த கோழி இரண்டு. காலடியில் கரி அடுப்பு. ஒன்பது வயது ஷெரின் நீந்தும்போது போடுகிற கண்ணாடியை வீட்டிலேயே மாட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"எடுக்க முடியாதுன்னா? ரிப்பேரா?"

"சேச்சே. கும்முன்னு நிக்குது."

"அப்புறம் என்ன?"

"நிக்குதுல்லா? அதான் எடுக்க முடியாது."

பியூலா ஐஸ் பெட்டியைக் கீழே வைத்தாள். கோபம் வந்தால் அவள் முதலில் கையில் இருப்பதைக் கீழே வைப்பாள். பிறகுதான் பேசுவாள்.

"அந்த வேப்பமரத்தடி எடத்துக்காகவா?"

கிளாட்வின் ஜன்னலோரம் போய், தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை எட்டிப் பார்ப்பது போலக் கீழே பார்த்தான். வண்டி இருந்தது.

அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. ஷார்ஜாவில் அந்த ஆறு மாடிக் கட்டிடத்தில் நாற்பத்தெட்டு வீடு. கீழே வண்டி நிறுத்தப் பதினான்கு இடம். பதினோரு வருடமாக அவன் வேலை முடிந்து ஏழு மணிக்குத் தெருவுக்குள் நுழைவான்; எட்டரைக்கு வீட்டுக்குள் நுழைவான். நடுவில் உள்ள ஒன்றரை மணி நேரமும் சுற்றல்தான். ஷெரினுடைய ஐந்தாவது பிறந்தநாளன்று அப்பா வண்டி வந்துவிட்டது என்று ஜன்னலில் பார்த்துவிட்டு மெழுகுவர்த்தியை ஏற்றினார்கள். அப்பா கட்டிடத்தை எட்டுமுறை சுற்றினார். பிள்ளையும் எட்டுமுறை கையாட்டியது. ஒன்பதாவது சுற்றில் மெழுகுவர்த்தி உருகி, கேக்கோடு கேக்காகிவிட்டது.

அப்படிப்பட்ட மனிதனுக்கு நாற்பத்தோரு நாளைக்கு முன்னால் அந்த இடம் கிடைத்தது. தரைத்தளத்து எகிப்துக்காரர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். அவர் வண்டி நகர்ந்த அதே நொடியில் கிளாட்வின் தெருமுனை திரும்பினான். வேப்பமரம், அதன் நிழல், தன் வீட்டு ஜன்னலுக்கு நேர் கீழே, கட்டணம் கிடையாது. பின்பக்கமாக ஒரே வெட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு, இறங்கி, நான்கு பக்கமும் சுற்றி வந்து பார்த்தான். பிறகு மேலே ஓடிப்போய்ப் பியூலாவைக் கூட்டிவந்து காட்டினான். "வாழ்க்கைல ஒரு எடத்துக்கு வந்துட்டேன் பியூலா," என்றான். அன்று அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படம் எடுத்துத் தூத்துக்குடிக்கு அனுப்பினாள்.

அன்றிலிருந்து வண்டி நகரவில்லை. வேலைக்கு அவன் கம்பெனித் தொழிலாளர் பஸ்ஸில் விடியற்காலை ஐந்து மணிக்குப் போனான். மளிகையைத் தள்ளுவண்டியில் ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தான். வண்டியைக் கழுவவும் விடவில்லை. கழுவின வண்டியைப் பார்த்தால், இப்போது எடுப்பார்கள் என்று நாலு பேர் பின்னால் வந்து காத்து நிற்பார்களாம். தூசி படிந்தால் நம்பிக்கை இழந்து போய்விடுவார்களாம். இதெல்லாம் அவன் கண்டுபிடித்த சூட்சுமம்.

"அப்பா," என்றாள் ஷெரின், கண்ணாடிக்குள்ளிருந்து. "கார் நம்மளக் கூட்டிட்டுப் போறதுக்கா, இல்ல நாம காரப் பாத்துக்கிடுறதுக்கா?"

"நல்லாக் கேளு," என்றாள் பியூலா. "ஏங்க, கோர்ஃபக்கான் கடலுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு ஆறு வாரமாச் சொல்லுதீங்க. வெயிலும் இப்பத்தான் கொறஞ்சிருக்கு. இன்னைக்குப் பிள்ள கடல்ல கால் நனைக்கலன்னா, நானும் அவளும் எறங்கிப்போயி அந்தக் கார்லயே குடியிருந்துக்கிடுதோம். அதுதான் உங்களுக்குப் பிரியமான எடமாச்சே."

கிளாட்வின் ஒரு நிமிடம் யோசித்தான். கார் எடுக்கக் கூடாது. கடலுக்கும் போக வேண்டும்.

"பொறு. மொகுதூம் காக்காட்ட கேக்கேன்," என்றான்.

மொகுதூம் காக்கா மூன்றாம் மாடி. காயல்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். முப்பது வருடமாக ஷார்ஜாவில் இருப்பவர். முப்பது வருடத்தில் வேப்பமரத்தடி அவருக்கு ஒருநாள்கூட வாய்த்ததில்லை. கதவைத் திறந்ததும் வாய் நிறைய வரவேற்றார்.

"வாங்க தம்பி! காலைலயே எடத்து மொதலாளி வந்திருக்கீங்க."

"காக்கா, எங்கள ஒரு எட்டு கோர்ஃபக்கான்ல விட முடியுமா? உங்க வண்டில?"

"அதுக்கென்ன, விட்டாப் போச்சு. ஆனா என் வண்டிய எடுத்தா என் எடம் போயிருமே தம்பி."

"உங்க எடம் எங்க இருக்கு?"

"மூணு தெரு தள்ளி, குப்பத்தொட்டி பக்கத்துல. இருந்தாலும் எடம் எடந்தானே." காக்கா தாடியைத் தடவினார். "ஒண்ணு செய்வோம். நீங்க உங்க வண்டிலயே போங்க. நீங்க எடுக்கும்போதே நான் என் வண்டிய உங்க எடத்துல உடுதேன். எடம் பத்திரமா இருக்கும். நீங்க வந்ததும் எடுத்துருதேன்."

கிளாட்வின் ஒரு அடி முன்னால் வந்தான். "வந்ததும் எடுத்துருவீங்களா?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுட்டீங்க! நீங்க வந்து ஒரு குரல் கொடுத்தா எறங்கி வந்துர மாட்டேனா?"

"தூங்கிட்டீங்கன்னா?"

"எழுப்புங்க."

"சாவிய நான் வச்சுக்கிடட்டுமா?"

"என் வண்டிச் சாவியவா?" காக்காவின் சிரிப்பு நின்றது. "அப்ப உங்க வீட்டுச் சாவிய எங்கிட்ட குடுங்க."

இரண்டு நாடுகள் எல்லைக்கோட்டில் நின்று பேசுவதுபோல் கால்மணி நேரம் பேசினார்கள். ஒன்றும் முடியவில்லை. கடைசியில் காக்கா பெருமூச்சு விட்டு, "உங்களுக்கு நம்பிக்கை இல்ல. சரி. இன்னைக்கு அபுதாபிலேர்ந்து என் மச்சானும் வாரான், பெரிய வண்டி. அவன் எங்க கொண்டு நிறுத்துவானோ, அல்லாதான் வழி காட்டணும்," என்றார்.

அந்தக் கடைசிப் பேச்சு கிளாட்வினின் காதில் ஈயம்போல இறங்கியது. பெரிய வண்டி. மச்சான். இன்றைக்கு. நிற்கிற வண்டியை முட்டித் தள்ளிவிட்டுக்கூட நுழைந்துவிடுவார்கள்.

அவன் லிஃப்டுக்குக் காத்திராமல் படியில் இறங்கி ஓடினான். வண்டியின் டிக்கியிலிருந்து சாம்பல் நிற உறையை எடுத்து, தலை முதல் கால் வரை போர்த்தி, அடியில் கயிறு விட்டு முடிந்தான். பிறகு நாத்தூரைக் கூப்பிட்டான்.

நாத்தூர் என்றால் அங்கே கட்டிடக் காவலாளி. பெயர் நூருல் அமீன். சிட்டகாங்காரர். பதினான்கு வருடம் தமிழர்களுக்கும் மலையாளிகளுக்கும் கதவு திறந்துவிட்டு, இரண்டு பாஷையும் பேசுவார். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர். அதற்காகக் கட்டிடத்தில் அவருக்கு மரியாதை உண்டு.

"நூருல் பாய், நான் சாயங்காலந்தான் வருவேன். இந்த எடம் ஒங்க பொறுப்பு."

"என் பொறுப்பு சார்," என்று நெஞ்சில் கை வைத்தார் நூருல் அமீன்.

"யாரு கேட்டாலும் விடாதீங்க. மூணாம் மாடிக் காக்கா கேட்டாலும். அவரு மச்சான் கேட்டாலும். என்ன ஆனாலும் எடத்த விட்டுராதீங்க."

"உயிரக் குடுப்பேன் சார், எடத்தக் குடுக்க மாட்டேன்."

அந்த வார்த்தையில் கிளாட்வினுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இந்த ஊரில் வீடு வாடகைக்கு. விசா கம்பெனியுடையது. கட்டிலும் பீரோவும் போன குடித்தனக்காரர் விட்டுப்போனது. தனக்கென்று இருப்பது இந்த ஒன்றுதான் என்பது நூருல் அமீனுக்காவது புரிந்திருக்கிறதே.

பஸ்ஸில் போவது என்று முடிவானது. பஸ் நிலையம் வரை பியூலா பாயைச் சுமந்தாள், ஷெரின் பையைச் சுமந்தாள், கிளாட்வின் ஐஸ் பெட்டியையும் கரி அடுப்பையும் சுமந்தான். வழியில் பெட்டி சாய்ந்ததை அவன் கவனிக்கவில்லை. கோர்ஃபக்கான் பஸ்ஸில் காலை வைத்ததும் ஓட்டுநர் அவனை மேலும் கீழும் பார்த்தார். மிளகாயும் மஞ்சளும் கலந்த கோழி மசாலா அவன் வெள்ளைக் கால்சட்டையில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை செக்கச்செவேலென்று வழிந்திருந்தது.

"என்னப்பா, அடிபட்டிருக்கா?" என்றார் ஓட்டுநர், பதறி. பாலக்காட்டுக்காரர், தமிழ் தண்ணீராய் வந்தது.

"இல்ல, கோழி."

"கோழி கொத்திருச்சா?"

"பெட்டிக்குள்ள இருக்கு. மசாலா தடவின கோழி."

"அது என்ன இரும்புல?"

"கரி அடுப்பு."

ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து வெளியே காட்டினார். "எறங்கு. நெருப்பு வைக்கிற சாமானும் ஏத்தக் கூடாது, ஒழுகுற சாமானும் ஏத்தக் கூடாது. நீ ரெண்டையும் கொண்டு வந்திருக்க."

கோர்ஃபக்கான் பஸ் அவர்களை விட்டுவிட்டுப் போனது. ஷெரின் கண்ணாடியைக் கழற்றாமலே அதற்கு டாட்டா காட்டினாள். கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டத் தொடங்கியது. கடல் தண்ணீர் இல்லை.

"அழாத ஏட்டி," என்றாள் பியூலா. பிறகு புருஷனிடம் திரும்பினாள். "இப்பமாவது வீட்டுக்குப் போயி வண்டிய எடுங்க."

கிளாட்வின் போனை எடுத்தான். "நூருல் பாய்! எடம் இருக்கா?"

"இருக்கு சார். ஒரு லெபனான்காரர் வந்து, வண்டிய எடுக்கச் சொல்லி ஹாரன் அடிச்சாரு. நான் போயி நம்ம வண்டிக்கு முன்னால படுத்துக்கிட்டேன். போயிட்டாரு."

"பாத்தியா!" என்று பியூலாவிடம் சொன்னான், முகமெல்லாம் ஒளியாக. "ரோட்டுல படுத்திருக்காரு மனுஷன். அவரு அங்க அப்படிக் கெடக்கும்போது நான் போயி வண்டிய எடுத்தா நல்லாருக்குமா?"

டாக்ஸி பிடித்தார்கள். டாக்ஸியில் நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள கோர்ஃபக்கான் வரை போவது நடக்காத காரியம். பக்கத்திலேயே, செயற்கை ஏரியும் புல்தரையும் உள்ள ஒரு பூங்காவுக்குப் போகலாம் என்றான் கிளாட்வின். ஏரியும் தண்ணீர்தானே, காலை அதிலும் நனைக்கலாம் என்றான். பியூலா மடியில் இருந்த பாயை மட்டும் எடுத்துக் கீழே வைத்தாள்.

பூங்கா வாசலில் காக்கிச் சட்டை போட்ட ஒரு காவல்கார அம்மா நின்றார். பிலிப்பைன்காரி. சிரித்த முகம். ஆனால் கை மட்டும் கிளாட்வினின் நெஞ்சுக்கு நேரே நீண்டு நின்றது.

"இன்னைக்குப் பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் மட்டும்."

"குடும்பமா வந்திருக்கோம்மா."

"குடும்பம் உள்ள போகலாம்."

"நானும் குடும்பந்தானே?"

"நீங்க ஆம்பளை."

கிளாட்வின் பெட்டியைத் திறந்து காட்டினான். "இந்தக் கோழி?"

"உள்ள வரலாம்."

"இந்த அடுப்பு?"

"அடுப்புக்குன்னு உள்ள எடம் இருக்கு. வரலாம்."

"கரி?"

"வரலாம்."

"அப்ப நான்?"

"கூடாது."

பியூலா அன்று முதல்முறையாகச் சிரித்தாள். கோழியையும் அடுப்பையும் கரியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். கிளாட்வின் மட்டும் சிவந்த கால்சட்டையோடு, வேலிக்கு வெளியே ஒரு பேரீச்சை மரத்தடியில் நின்றான். அந்த நிழல் அவன் அகலத்துக்குப் பாதிதான் இருந்தது. நம்ம வேப்பமர நிழல் எங்கே, இது எங்கே என்று நினைத்துக்கொண்டான். அதிலும் ஒரு பெருமை.

பத்து நிமிடத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் பியூலாவின் முகம் தெரிந்தது.

"தீப்பெட்டி எங்க?"

கிளாட்வின் சட்டைப் பையைத் தொட்டான். இருந்தது. வேலியோ இரண்டாள் உயரம்; கம்பிக்கு நடுவே விரல்கூட நுழையாது. "தள்ளி நில்லு, போடுதேன்!" என்று சொல்லி, ஓங்கி வீசினான். பள்ளிக்கூட நாளில் பந்து வீசிப் பரிசு வாங்கியவன். தீப்பெட்டி வேலியைத் தாண்டி, பியூலாவைத் தாண்டி, அடுப்பையும் தாண்டி, ஏரியின் நடுவில் போய் விழுந்தது.

"அம்மா, அப்பா எவ்ளோ தூரம் எறியுறாங்க!" என்று கைதட்டினாள் ஷெரின்.

"ஆமா," என்றாள் பியூலா. "பந்தயத்துல விடணும் உங்க அப்பாவ."

கோழி பச்சையாகவே பெட்டிக்குத் திரும்பியது. அவர்கள் உள்ளே பிஸ்கட் தின்றார்கள். அவன் வெளியே அதுவும் இல்லாமல் நின்றான். அரைமணி நேரத்துக்கு ஒருமுறை நூருல் அமீனைக் கூப்பிட்டான். நடுநடுவே, போனில் வைத்திருந்த வேப்பமரத்தடிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். மூன்று மணிக்கு நூருல் அமீனே கூப்பிட்டார். பின்னால் ஏதோ பெரிய எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.

"சார்! ஒரு பெரிய வண்டி வந்திருக்கு! மூணு பேரு எறங்கிச் சுத்திச் சுத்திப் பாக்குறாங்க!"

"பெரிய வண்டியா!" கிளாட்வின் நிமிர்ந்தான். அபுதாபி மச்சான்! "எடத்தக் கேக்குறாங்களா?"

"எடத்தக் கேக்கல சார். அவங்க என்ன சொல்றாங்கன்னா..."

"அவங்க சொல்றதக் கேக்காதீங்க பாய்! பேச்சுக் குடுத்தா மயக்கிருவாங்க! எது போனாலும் போவுது, எடத்த மட்டும் விட்டுராதீங்க. மத்தத நான் வந்து பாத்துக்கிடுதேன்!"

"எது போனாலுமா சார்?"

"எது போனாலும்!"

"சரி சார். எடத்துல ஒரு சாண் குடுக்க மாட்டேன்."

அத்தோடு போன் அணைந்தது. காலையிலிருந்து பேசின பேச்சுக்கு அது மாலைவரை உயிரோடு இருந்திருந்தால்தான் அதிசயம்.

கிளாட்வினுக்கு நிலைகொள்ளவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு, "பியூலா! ஏ பியூலா! கெளம்பு!" என்று கத்தினான். உள்ளே இருந்த நூறு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள், பியூலாவைத் தவிர. அவள் ஷெரினோடு ஏரிக்கரையில் கால் நனைத்துக்கொண்டிருந்தாள். காவல்கார அம்மா வந்து அவன் கால்சட்டையைப் பார்த்து, அவன் முகத்தைப் பார்த்து, வேலியிலிருந்து பத்தடி தள்ளி நிற்கச் சொன்னார்.

ஒரு வழியாக ஷெரின் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னப்பா?"

"அம்மாவக் கூப்பிடு. எடத்துக்கு ஆபத்து!"

ஷெரின் ஓடிப்போய், திரும்பி ஓடி வந்தாள். "அம்மா சொல்லுதாங்க, நாப்பத்தோரு நாள் அந்த எடத்துக்குக் காவல் இருந்தீங்கள்ல, எங்களுக்கும் மூணு மணி நேரம் இருங்கன்னு."

இருந்தான். வேறு வழி?

ஆறு மணிக்குப் பூங்காவிலிருந்து கிளம்பினால், டாக்ஸிக்கு ஒரு நீள வரிசை. முதல் டாக்ஸிக்காரர் ஒழுகும் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். இரண்டாவது டாக்ஸி ஏற்றிக்கொண்டது. ஆனால் அவர்கள் தெருவுக்கு மூன்று தெரு முன்னாலேயே நின்றுவிட்டது. முன்னால் வண்டிகள், பின்னால் வண்டிகள். எல்லாரும் நிறுத்த இடம் தேடிச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வண்டிக்குள்ளும் பசித்த முகங்கள், தூங்கும் பிள்ளைகள்.

"எறங்கி நடப்போம்," என்றான் கிளாட்வின். அடுப்பைத் தலையில் வைத்துக்கொண்டு, அந்த வண்டிகளின் நடுவே புகுந்து முன்னால் நடந்தான். மச்சானுடைய பெரிய வண்டி வேப்பமரத்தடியில் நின்றால் என்ன செய்வது? பதினோரு வருடச் சுற்றலுக்கு மறுபடியும் போக வேண்டுமா? முனையில் ஒரு நொடி நின்று, கண்ணை மூடி, கர்த்தரை நினைத்துக்கொண்டு திரும்பினான்.

வேப்பமரம். அதன் அடியில், தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், சாம்பல் நிற உறை. அசையாமல், அலுங்காமல், கயிறும் முடிச்சுமாக. பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் கையில் கம்போடு நூருல் அமீன்.

"நூருல் பாய்!"

நூருல் அமீன் எழுந்து விறைப்பாக நின்றார். "எடம் பத்திரம் சார்!"

கிளாட்வின் அடுப்பைப் போட்டுவிட்டு அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். இருவர் சட்டையிலும் மசாலா ஆனது. "அந்தப் பெரிய வண்டி?"

"போயிருச்சு சார். எடத்துல ஒரு டயர வைக்க விடல."

அதற்குள் சத்தம் கேட்டு மொகுதூம் காக்கா இறங்கி வந்தார். மத்தியானத் தூக்கம் கண்ணில் இன்னும் மிச்சமிருந்தது.

"காக்கா," என்றான் கிளாட்வின், மார்பை விரித்து. "உங்க மச்சான் வந்து போனாரு போலுக்கே?"

"எங்க தம்பி வந்தான்? ரெண்டு மணி நேரம் எங்கயோ சுத்திட்டு, எடம் கெடைக்காம அப்படியே அபுதாபிக்குத் திரும்பிப் போயிட்டான். வாங்கி வந்த அல்வாவ ரோட்டுல ஓடுற வண்டிக்குள்ளேர்ந்தே கையில நீட்டிட்டுப் போறேன்னான். நான் எறங்கி வாரதுக்குள்ள பின்னாலேர்ந்து ஹாரன் அடிச்சு வெரட்டிட்டாங்க." காக்கா வேப்பமரத்தடியை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு பெருந்தன்மையாகக் கையை நீட்டினார். "ஒத்துக்கிடுதேன் தம்பி. முப்பது வருஷத்துல இப்படி எடத்தக் காப்பாத்துன ஆள நான் பாத்ததில்ல. நீங்க ஆம்பளைதான்."

"இத அந்தப் பூங்காலயும் சொன்னாங்க," என்றாள் பியூலா. ஆனால் அவள் குரலில் காலையில் இருந்த காரம் இல்லை. மூன்று தெரு நிறைய அலைந்துகொண்டிருந்த அந்த வண்டிகளையும் அதற்குள் இருந்த முகங்களையும் அவளும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். தன் புருஷன் சுற்றவில்லை. தன் புருஷனுக்கு இடம் இருக்கிறது.

"பாயக் குடு ஏட்டி," என்றாள் ஷெரினிடம். மரத்தடியில், உறை போட்ட வண்டியின் முன்னால், நடைபாதைத் திட்டில் பாயை விரித்தாள். கோழியை மேலே கொண்டுபோய், அடுக்களையில் பொரித்து, தட்டு நிறையக் கொண்டுவந்தாள். காக்கா வீட்டிலிருந்து சோறு வந்தது. கடல் இல்லை, ஏரி இல்லை. வேப்பிலை அசைந்தது, காற்றும் வந்தது. இடம் தேடி ஊர்ந்து போன ஒவ்வொரு வண்டியும் அவர்கள் முன்னால் வந்து வேகம் குறைத்து, ஏங்கிப் பார்த்துவிட்டுப் போனது. கிளாட்வின் ஒவ்வொருவருக்கும் கோழிக்காலை உயர்த்தி, இல்லை என்று காட்டினான். ஷெரினுக்கு அந்த வேலை மிகவும் பிடித்துப்போய், அவளும் ஒரு காலை எடுத்துக்கொண்டாள்.

பியூலா போனில் தன் அம்மாவைக் கூப்பிட்டாள். "பாத்தியாம்மா? எங்க எடம். ஆமா, இங்க இப்படி மரத்தடி எடம் யாருக்கும் கெடைக்காது. அவருக்குத்தான் கெடைச்சிருக்கு. என்னது, இல்லம்மா, வெலைக்கு வாங்கல. அதவிடப் பெரிசு."

கிளாட்வின் அதைக் கேட்டும் கேட்காதது போல வானத்தைப் பார்த்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவளுடைய அம்மாவிடம் அவனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை போவது இதுதான் முதல் தடவை.

சாப்பிட்டு முடித்த மொகுதூம் காக்கா உறையின் மேல் முதுகைச் சாய்த்தார். சாய்த்தவர் அப்படியே கண்ணை மூடினார். "ஏன் தம்பி, உங்க வண்டி மெத்துன்னு இருக்கே?"

"ஜப்பான் வண்டி காக்கா," என்றான் கிளாட்வின், பெருமை தாங்காமல். "பழசானாலும் அதுல உள்ள சொகமே தனி."

தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து வைத்து, அவனே எழுந்துபோய் நூருல் அமீனிடம் நீட்டினான். அவர் நாற்காலியில் முதுகை வளைக்காமல் உட்கார்ந்திருந்தார். ஒரு நாட்டின் எல்லையைக் காத்துவிட்டு வந்த வீரனுக்குக்கூட அப்படி ஒரு நிமிர்வு இருக்காது.

"பாய், நீங்க இன்னைக்குச் செஞ்சத நான் உயிருள்ள வர மறக்க மாட்டேன். என்ன வேணும், கேளுங்க. கூச்சப்படாமக் கேளுங்க."

நூருல் அமீன் கோழியை வாங்கிக்கொண்டு, வெட்கத்தோடு சிரித்தார்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் சார். உறைக்குள்ள இருக்குற சோஃபாவும் ரெண்டு தண்ணித் தொட்டியும் நாலாம் மாடிக்காரரோடது, விடிஞ்சா கேப்பாரு. அதுக்குள்ள நீங்க போயி, நாப்பது நாளா நகராத அழுக்கு வண்டின்னு முனிசிபாலிட்டிக்காரங்க மத்தியானம் உறைய அவுத்துட்டு, கிரேன் வச்சுத் தூக்கிட்டுப் போன உங்க கார மட்டும் எடுத்துட்டு வந்துருங்க, போதும்."